பூங்குழலிக்குச் செய்த துரோகம்

பூங்குழலியைப் பற்றி இப்படி எழுதினால் அடி விழும் என்று தெரியும். எங்கள் வீட்டில் ‘பொன்னியின் செல்வன்’ பூஜை அறைக்குப் பக்கத்து அலமாரியில் இருந்தது. கல்கி பத்திரிகையில் 1950 முதல் 1954 வரை வந்த தொடரின் பக்கங்களைக் கிழித்து பைண்டு செய்த தொகுதிகள். அத்தை அதை எத்தனை தடவை படித்தாள் என்று அவளுக்கே கணக்கு கிடையாது. “குந்தவையெல்லாம் இருக்கட்டும்டா. எனக்குப் பூங்குழலிதான். படகைத் தள்ளிக்கிட்டு அவ பாட்டுக்குக் கடலுக்குள்ள போயிருவா பாரு” என்பாள், தையல் மெஷினை மிதித்துக்கொண்டே. எனக்கும் பூங்குழலிதான். அதனால்தான் இந்தக் கோபம்.

தமிழ்ச் சரித்திர நாவலில் எளிய குடும்பத்துப் பெண் ஒருத்தி அரச குமாரனை நேசித்தால் என்ன ஆகும்? கல்கியை மட்டும் எடுத்துக்கொள்வோம். அவருக்குப் பின் வந்தவர்கள் பெரும்பாலும் அவர் போட்ட தடத்திலேயே வண்டி ஓட்டியவர்கள்.

‘சிவகாமியின் சபதம்’. சிற்பியின் மகள் மாமல்லரை நேசிக்கிறாள். வாதாபியில் சிறைப்பட்டு, சபதம் செய்து, ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறாள். நகரம் எரிகிறது, சபதம் நிறைவேறுகிறது, அவள் காஞ்சிக்குத் திரும்புகிறாள். அங்கே அவருக்குப் பாண்டிய குமாரி மனைவியாக இருக்கிறாள், பிள்ளைகளும் இருக்கிறார்கள். சிவகாமி ஏகாம்பரநாதருக்கு மாலை சூட்டிக்கொள்கிறாள். படித்த எல்லோரும் அழுதோம். அழுத அழுகையில் ஒரு கேள்வி அடித்துக்கொண்டு போய்விட்டது: ஒரு ஊரையே கொளுத்தத் தெரிந்த சக்கரவர்த்திக்கு ஒரு சிற்பியின் மகளை மணக்க மட்டும் ஏன் முடியவில்லை?

‘பொன்னியின் செல்வ’னில் மந்தாகினி. பேச்சில்லாத, காது கேளாத பெண். தீவில் ஒதுங்கிய சுந்தர சோழருக்கு அவள்தான் உலகம் என்றிருந்த ஒரு காலம் இருந்தது. அவர் பட்டத்து இளவரசர் ஆன நாளில் அது முடிந்தது. கடைசியில் அவருக்குக் குறிவைத்து வந்த ஆயுதத்தைத் தன் உடம்பில் தாங்கி அவள் சாகிறாள். ஏழைப் பெண்ணின் காதல் உண்மையானது என்று நிரூபிக்க நம் நாவலாசிரியர்களுக்குத் தெரிந்த ஒரே வழி அவளைக் கொல்வது.

இப்போது பூங்குழலி. கோடிக்கரைக் கலங்கரை விளக்கத்துக் காவலரின் மகள். புயலில் படகு விடுகிறவள். மனதில் இருப்பது அருள்மொழிவர்மர். அவளுக்குக் கோயில் இல்லை, சாவும் இல்லை. அவளைக் கொன்றிருந்தால் வாசகர்கள் கல்கியைச் சும்மா விட்டிருக்க மாட்டார்கள். ஆகவே மூன்றாவது வழி. ஆசையை விட்டுவிட்டு, தஞ்சாவூரில் பூத்தொண்டு செய்யும் அத்தான் சேந்தன் அமுதனை அவள் ஏற்கிறாள். அந்தப் பூக்காரன் யார் என்று பார்த்தால், செம்பியன் மாதேவியின் சொந்த மகன்! சோழ சிம்மாசனத்துக்கு உரியவன்! ஓடக்காரி மகாராணி ஆகிறாள்.

இதைத்தான் துரோகம் என்கிறேன். ராணியாகிவிட்டாளே, இன்னும் என்ன வேண்டும் என்பீர்கள். தடையை அவள் தாண்டவே இல்லை என்பதுதான் பிரச்சினை. தாண்ட வேண்டிய இடம் வந்ததும் ஆசிரியர் தடையையே தூக்கி வேறு இடத்தில் வைத்துவிடுகிறார். பூக்காரனைப் பூக்காரனாகவே வைத்துக்கொண்டு கோடிக்கரையில் இருவரும் வாழ்ந்திருந்தால் அது ஒரு முடிவு. அருள்மொழி அவளை மணந்திருந்தால் அது வேறொரு முடிவு. இங்கே நடந்ததோ பிறப்புச் சான்றிதழைத் திருத்துகிற வேலை. (மணிரத்னம் படத்தில் இந்த ஆள்மாற்றமே கிடையாது. பூங்குழலிக்கு அதிலும் எதுவும் மிஞ்சவில்லை, அது தனிக் கதை.)

“அந்தக் காலத்துல அப்படித்தாங்க. ராஜா போயி ஓடக்காரியக் கட்டுவாரா?” இந்தப் பதிலை நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். சரி, அந்தக் காலத்தையே கேட்போம்.

தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் ராஜராஜன் ஒரு பட்டியலை வெட்டி வைத்திருக்கிறான். வெவ்வேறு ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்துத் தளிச்சேரியில் குடியேற்றிய 400 பெண்கள். நக்கன் இன்னார், இந்தக் கோயிலிலிருந்து வந்தவள், இந்தத் தெருவில் இத்தனையாவது வீடு என்று ஒவ்வொருத்தியாக. ஆளுக்கு ஒரு வீடு, ஒரு பங்கு. பங்குக்கு 100 கலம் நெல். அரசன் நினைத்தால் இடம்பெயர்க்கப்படும் வாழ்க்கைதான் அது, பொன்னுலகம் என்று நான் சொல்ல வரவில்லை. 1201ஆம் ஆண்டு திருப்பாம்புரத்தில் பஞ்சம் தாங்காமல் ஒரு வேளாளரும் அவருடைய இரண்டு மகள்களும் 110 காசுக்குக் கோயிலுக்குத் தங்களை விற்றுக்கொண்டதாகவும் கல்வெட்டு இருக்கிறது. அந்த இரண்டு பெண்களைப் பற்றி எந்தச் சரித்திர நாவலாவது வந்திருக்கிறதா? எனக்குத் தட்டுப்படவில்லை. நம் நாவல்களில் சோழ நாட்டுக்குப் பசியே கிடையாது.

ஆனால் திருவாரூருக்கு வாருங்கள். அணுக்கியார் பரவை நங்கையார். கோயில் பெண் என்றே ஆய்வாளர்கள் பலரும் கொள்கிறார்கள். திருவாரூர்க் கோயிலுக்குப் பொன் வேய்ந்தவள். அங்கே ராஜேந்திர சோழனும் அவளும் சேர்ந்து நின்ற இடத்தில் ஒரு விளக்கு வைக்கப்பட்டது என்று கல்வெட்டே சொல்கிறது. விழுப்புரம் பக்கம் ஒரு ஊருக்குப் பரவைபுரம் என்று பெயர். மகன் காலத்தில் இருவருக்கும் சேர்த்துப் படிமம் எடுத்து வழிபட்டார்கள். மறைவில்லை, பிறப்பு ரகசியம் இல்லை, சிம்மாசனத் திருப்பம் இல்லை. கல்லில் வெட்டிய பகிரங்கம்.

ராஜேந்திரன் யார்? பூங்குழலிக்குக் கிடைக்காத அதே அருள்மொழிவர்மரின் மகன்.

கல்கிக்குத் துணிச்சல் போதவில்லை என்று சொன்னால் அது அநியாயம். ‘தியாக பூமி’யில் கணவனை விட்டு விலகி, அவனுக்கு ஜீவனாம்சம் தருகிறேன் என்று கோர்ட்டில் நிற்கிற சாவித்திரியை எழுதியவர் அவர்தான். அதுவும் 1930களின் கடைசியில். சமகாலக் கதையில் அத்தனை தூரம் போன அதே பேனா, ஆயிரம் வருஷம் பின்னால் போனதும் குலப் பெருமைக்கு வெண்சாமரம் வீசுகிறது. பழங்காலத்தை நாம் தேடிப் போனதே அங்கே எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும் என்ற ஆசையில்தானோ என்று எனக்குச் சந்தேகம். பின்னால் பாலகுமாரன் ‘உடையார்’ எழுதியபோது தேவரடியார்களைக் கதைக்குள் அழைத்து வந்தார், அதை மறுக்கவில்லை. ஆனால் இன்றைக்கு இணையத்தில் தொடர் எழுதும் இளையவர்களும் ஏழைக் கதாநாயகியின் கழுத்தில் ஒரு முத்திரை மோதிரத்தைக் கோத்துத் தொங்கவிட்டுத்தான் முதல் அத்தியாயத்தையே தொடங்குகிறார்கள். முப்பதாவது அத்தியாயத்தில் அதை யாரோ அடையாளம் காண்பார்கள். அவள் பட்ட பாடெல்லாம் முகவரி தவறிப் போன கடிதம் மாதிரி ஆகிவிடும்.

பரவையைப் பற்றி அத்தையிடம் சொன்னேன். எண்பதைத் தாண்டிவிட்டாள், இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. தன்னோடு படித்த ஒருவர் வீட்டில் ‘தையக்காரன் வீட்டுப் பொண்ணா’ என்று கேட்டதற்குப் பிறகு கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள் அவள். இதைக்கூட அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

“பக்கத்துலயே நின்னாளா? ஊரு பாக்க?”

“ஆமா அத்தை. நின்ன எடத்துல வெளக்கு வச்சிருக்காங்க.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டாள்: “அப்புறம் ஏன்டா நம்ம புள்ளைய மட்டும் அப்படி அலைய விட்டாரு?”