கையெழுத்து தொழிலாளிக்கு, மிச்சம் முதலாளிக்கா?

கம்ப்யூட்டர் முதலாளிகள் புதிய மந்திரம் ஒன்றை ஓதிக்கொண்டிருக்கிறார்கள். புரோகிராம் எழுத இனி ஆள் வேண்டாமாம். செயற்கை அறிவு இயந்திரமே எழுதிவிடுமாம். மனிதன் வேலை வரிசையை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் போதுமாம். நாலு பேர் வேலையை ஒருவரே செய்துவிடலாமாம்!

இது சென்னை சிறுசேரியிலும் பெங்களூரிலும் நடக்கிற கூத்து, சேத்தூர் ஆலைத் தொழிலாளிக்கும் வயல் கூலிக்கும் இதில் என்ன என்று நம்மில் சிலர் கேட்கிறார்கள். அவர்கள் தங்கள் தெருவைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கட்டும். நகையை அடகு வைத்து, பாங்கியில் கல்விக் கடன் வாங்கி, ராஜபாளையத்திலும் கிருஷ்ணன்கோவிலிலும் இன்ஜினீயரிங் படிக்க வைத்த நம் பெண்ணும் பிள்ளையும் எங்கே வேலைக்குப் போனார்கள்? நம் ஊர் வழியே போகும் சாலையில் தெற்கே போனால் தென்காசி. அதை அடுத்த மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ கம்பெனி இருக்கிறது. 1936இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய குழுமம்தான் சென்னையில் ராம்கோ சிஸ்டம்ஸ் என்ற சாப்ட்வேர் கம்பெனியையும் நடத்துகிறது. நூல் நூற்ற மூலதனம் புரோகிராம் நூற்கப் போய் வெகு காலமாகிறது. தொழிலாளி மட்டும் இரண்டும் வேறு வேறு உலகம் என்று நினைத்துக்கொண்டிருக்கலாமா?

அந்த வேலை வரிசை என்னவென்று முதலில் பார்ப்போம். "ஆலைக்குச் சம்பளக் கணக்குப் புரோகிராம் எழுது" என்று மொட்டையாகச் சொன்னால், இயந்திரம் கண நேரத்தில் பக்கம் பக்கமாகக் கொட்டும். பார்வைக்கு அழகாயிருக்கும், உள்ளே ஓவர்டைம் கணக்கு தப்பாயிருக்கும். கேட்டால் சரிதான் என்று சாதிக்கவும் செய்யும். ஆகவே அனுபவப்பட்டவர்கள் ஓர் ஒழுங்கு வகுத்தார்கள். என்ன வேண்டும் என்பதை முதலில் எழுத்தில் வைப்பது: ஷிப்டு எத்தனை மணி, ஓவர்டைமுக்கு இரட்டிப்புச் சம்பளம், லீவு நாளில் வந்தால் என்ன கணக்கு. பிறகு திட்டம். திட்டத்தைச் சிறு சிறு வேலைகளாக உடைத்து, ஒவ்வொரு துண்டையும் இயந்திரம் எழுதியவுடன் சோதிப்பது. அதாவது ஒரு தொழிலாளியின் சம்பளத்தைக் கையால் கணக்குப் போட்டு, அதே தொகை வருகிறதா என்று பார்ப்பது. கடைசியில் ஒரு மனிதர் வரி வரியாகப் படித்து ஒப்புதல் தந்த பிறகே அது வேலைக்குப் போக வேண்டும்.

இந்த ஒழுங்கை நாம் எதிர்க்கவில்லை. பஞ்சைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் அனுப்பினால் ரிங் பிரேமில் இழை அறுந்து சைடர் படும் பாடு நமக்குத் தெரியாததா? ஒழுங்கில்லாமல் அவிழ்த்து விட்டால் இயந்திரம் என்ன செய்யும் என்பதை 2025 ஜூலையில் உலகமே பார்த்தது. அமெரிக்காவின் ரெப்ளிட் கம்பெனியின் செயற்கை அறிவு இயந்திரம், எதையும் மாற்றாதே என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தும், ஒரு வாடிக்கைக்காரரின் தகவல் களஞ்சியத்தையே அழித்துத் தள்ளியது!

நமது தகராறு வேறு. இயந்திரம் எழுதுவதற்கு நிமிஷம் போதும். மனிதர் அதைப் படித்துப் புரிந்துகொள்ள மணிக்கணக்காகும். இந்த மணிகள் யார் கணக்கில்? நிர்வாகம் நிமிஷத்தை மட்டும் எண்ணுகிறது. மணியை எண்ண மறுக்கிறது. 2025இல் மெட்ர் என்ற அமெரிக்க ஆராய்ச்சி நிறுவனம், அனுபவசாலிகளான 16 பேரை 246 வேலைகளில் வைத்துச் சோதித்தது. இயந்திரத்தின் துணையோடு செய்த வேலைகளுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. செய்தவர்களோ தங்களுக்கு 20 சதவீதம் நேரம் மிச்சமானதாக நம்பினார்கள்! எல்லா வேலைக்கும் எல்லா ஆளுக்கும் இதே கணக்கு என்று நாம் சொல்ல மாட்டோம். இயந்திரமும் நாளுக்கு நாள் மாறுகிறது. ஆனால், செய்தவரே ஏமாறுகிற விஷயத்தில், தூரத்தில் உட்கார்ந்து "நாலு பேர் வேலை" என்று அளக்கிறவர்கள் எந்தத் தராசை வைத்து அளக்கிறார்கள்?

பழைய தராசுதான். டெய்லர் என்ற அமெரிக்க இன்ஜினீயர் 1911இல் ஒரு நூல் எழுதினார். இரும்புக் கட்டி சுமக்கும் கூலியாளின் ஒவ்வொரு அசைவையும் கடிகாரம் வைத்து அளந்து, துண்டு துண்டாக உடைத்து உத்தரவிட்டதால், நாளுக்கு 12½ டன் சுமந்தவர் 47½ டன் சுமந்தாராம். கூலி? 1 டாலர் 15 சென்டிலிருந்து 1 டாலர் 85 சென்ட்! சுமை ஏறக்குறைய நாலு மடங்கு. கூலி இரண்டு மடங்குகூட இல்லை. இதைப் பெருமையாக அவரே எழுதிவைத்திருக்கிறார்.

இன்றைக்கு உடைக்கப்படுவது மூளை வேலை. பத்து வருஷம் பழகிச் சேர்த்த தொழில் சூட்சுமத்தைக் குறிப்பாகவும் விதியாகவும் எழுதி வாங்கிக்கொண்டால் அது கம்பெனிச் சொத்து. தப்பு நேர்ந்தால் மட்டும் கையெழுத்துப் போட்ட தொழிலாளி பொறுப்பு! ஆட்டோகோனர் வந்தபோது வைண்டிங்கில் முடிச்சுப் போட்ட பெண்களுக்கும், அறுவடை மிஷின் வந்தபோது அரிவாள் பிடித்த கைகளுக்கும் யார் கணக்குப் பார்த்தார்கள்?

டி.சி.எஸ். கம்பெனி 2025 ஜூலையில் தன் ஊழியர்களில் 2 சதவீதம், அதாவது 12,000 பேருக்கு மேல் குறைப்பதாக அறிவித்தது. செயற்கை அறிவு காரணமல்ல, திறமைப் பொருத்தம் இல்லாததே காரணம் என்றார் தலைமை அதிகாரி. காரணத்தின் பெயர் எதுவாயினும் வெளியே நிற்பவர் தொழிலாளிதானே!

இன்னொன்றையும் முதலாளிகள் யோசிக்கவில்லை. டாபர் வேலை பார்த்துப் பழகியவர்தான் சைடர் ஆகிறார். சின்னச் சின்னப் புரோகிராம் எழுதித் தப்பு செய்து திருத்திய இளைஞர்தான் பிறர் வேலையைச் சரிபார்க்கும் தகுதி பெறுகிறார். சின்ன வேலையையெல்லாம் இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டுப் புது ஆள் எடுப்பதை நிறுத்தினால், இன்னும் பத்து வருஷத்தில் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட ஆள் எங்கிருந்து வருவார்? இதற்கு அவர்களிடம் பதில் இல்லை. இந்தக் காலாண்டு லாபம்தான் கண்ணில் நிற்கிறது.

ஆகவே கோரிக்கை தெளிவாக இருக்க வேண்டும். படித்துச் சரிபார்க்கும் நேரம் முழுவதும் வேலை நேரமே. படிக்க நேரம் தராத எதற்கும் கையெழுத்துப் போட மறுக்க உரிமை வேண்டும். நேரம் தராமல் அவசரப்படுத்திய இடத்தில் தப்பு நேர்ந்தால் பொறுப்பு நிர்வாகத்தினுடையது. ஒருவருக்கு எவ்வளவு வேலை என்பதைச் சங்கத்தோடு பேசித்தான் நிர்ணயிக்க வேண்டும். ஆலையில் வேலைப்பளுவுக்கு நாம் கேட்பதும் இதுதான்.

சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று யாரும் புளுக வேண்டாம். ஆட்குறைப்புத் திட்டத்தை எதிர்த்து 1955இல் கான்பூர் ஆலைத் தொழிலாளர்கள் 80 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மறு வருஷம் தொழில் தகராறு சட்டத்தில் 9ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. ஆள்குறைப்பில் முடியக்கூடிய தொழில்முறை மாற்றம் எதையும் 21 நாள் நோட்டீஸ் கொடுக்காமல் புகுத்தக் கூடாது என்றது அது. 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு நமக்கு எத்தனையோ வகையில் பாதகமானது. ஆனால் இந்த விதி அதிலும் 40ஆவது பிரிவாக நிற்கிறது. கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர்கள் சங்கம் அமைக்கத் தடையில்லை என்று தமிழக சர்க்கார் 2016இலேயே சொல்லிவிட்டது.

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ பிள்ளைகள் ஊர் வரும்போது கேளுங்கள்: இயந்திரம் எழுதியதை நாளுக்கு எத்தனை பக்கம் படித்துக் கையெழுத்துப் போடுகிறாய், அதற்கு எத்தனை மணி கொடுக்கிறார்கள், 21 நாள் நோட்டீஸ் வந்ததா, சங்கத்தில் பெயர் கொடுத்துவிட்டாயா என்று.