லோலாவா கெடுத்தாள்? ‘தி ப்ளூ ஏஞ்சல்’ க்ளைமாக்ஸ் சொல்வது என்ன?

ஸ்பாய்லர் உண்டு மக்களே!

1930-ல் வந்த ஜெர்மன் படம். கறாரான பள்ளி ஆசிரியர் ராத், விடுதிப் பாடகி லோலாவிடம் (மார்லீன் டீட்ரிச்) மயங்கி, வேலையை இழந்து, அவளையே மணக்கிறார். சில வருடங்களில் சொந்த ஊர் மேடையிலேயே கோமாளி வேஷம். தலையில் முட்டை உடைத்து, சேவல் மாதிரி கூவச் சொல்கிறார்கள். கல்யாண விருந்தில் அவர் ஆசையாகக் கூவிய அதே கூவல்!

‘மயக்கிக் கெடுத்தாள்’ என்று லோலாவைத் திட்டுவது சுலபம். அவள் உத்தமியும் இல்லை. அவர் மேடையில் நிற்கும்போதே இன்னொருவனோடு கொஞ்சுகிறாள். ஆனால், கல்யாணம் கேட்டபோது விழுந்து விழுந்து சிரித்தவள் அவள். தன்னை மறைக்கவே இல்லை.

மனமுடைந்த ராத் அன்றிரவு எங்கே போகிறார்? தன் பழைய வகுப்பறைக்கு. மாணவர்களை நடுங்கவைத்த மேஜையைப் பிடித்தபடியே உயிர் போகிறது. காவலாளியால் அந்தக் கையைப் பிரிக்க முடியவில்லை. அவர் இழந்ததாக நினைத்தது மனைவியை அல்ல, அந்த மரியாதையை என்றே எனக்குப் படுகிறது.

ஹென்ரிக் மன்னின் மூல நாவலில் (1905) ஆசிரியர் இப்படிச் சாகமாட்டார்; ஊரையே பழிவாங்கக் கிளம்புவார். படத்தில் அந்தக் கோபம்கூட மிச்சமில்லை.

லோலா? அதே இரவில், நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, பழைய பாட்டையே பாடிக்கொண்டிருக்கிறாள்.