திம்மக்காவும் எழுதினார்

திருமலை வேங்கடவனைப் பாடிய தெலுங்குக் கவிஞர் அன்னமாச்சார்யரின் மனைவி திம்மக்காவும் ஒரு கவிஞர். அர்ஜுனன் சுபத்திரையை மணந்த கதையை 'சுபத்ரா கல்யாணம்' என்று மஞ்சரி த்விபதை யாப்பில் காவியமாக எழுதியவர். தெலுங்கின் முதல் பெண் கவிஞர் என்று இலக்கிய வரலாறுகள் பலவும் அவரையே குறிப்பிடுகின்றன. கே.ராகவேந்திர ராவ் இயக்கி, 1997இல் நாகார்ஜுனா அன்னமாச்சார்யராக நடித்து வெளிவந்த 'அன்னமய்யா'வில் திம்மக்கா வருகிறார். இன்னொரு மனைவி அக்கலம்மாவும் வருகிறார். நாயகனோடு ஆடிப்பாடுவதும், பிறகு அவருடைய பக்திக்கு வழிவிட்டு ஒதுங்குவதும்தான் பெரும்பாலும் அவர்களுக்குக் கிடைத்த வேலை. ஒரே வீட்டில் கணவனும் மனைவியும் கவிஞர்கள்; 15ஆம் நூற்றாண்டில் இது எவ்வளவு அபூர்வம்! அப்படியொரு கதை கைக்கு வந்தும் அதை டூயட்டில் கரைத்துவிட்டது எனக்கு ஆறாத மனக்குறை. நம் பக்திப் படங்கள் மகான்களைக் காட்டுகின்றன; அவர்களுக்குள் இருந்த கவிஞரையும் அவர்களைச் சுற்றி இருந்த மனிதர்களையும் விட்டுவிடுகின்றன.

அற்புதங்களை வெட்டி எறியச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அரசன் சாளுவ நரசிம்மன் தன்னைப் புகழ்ந்து பாடச் சொன்னதும், மறுத்தவரை விலங்கிட்டுச் சிறையில் அடைத்ததும், அவர் வேங்கடவனைப் பாட விலங்கு அறுந்ததும் சினிமாக்காரர்கள் கட்டிய கதை அல்ல. பேரன் சின்னண்ணா எழுதிய சரித்திர நூலிலேயே இருக்கிறது. ஆனால் அகோபிலத்தில் சடகோப யதியிடம் அன்னமாச்சார்யர் பாடம் கேட்டதையும் அதே நூல்தான் சொல்கிறது. ஆழ்வார்களின் பாசுர மரபோடு அவருக்கிருந்த உறவை விளங்கிக்கொள்ள இந்தப் படிப்பு முக்கியமானது. அறுந்த விலங்குக்குக் கைதட்டும் ரசிகனுக்கு இதையும் காட்டினால் என்ன குறைந்துவிடும்?

பக்தியும் அற்புதமும் வாழ்க்கையும் ஒரே படத்தில் சேராது என்பதற்கு 1936இலேயே மராத்தியில் பதில் வந்துவிட்டது. தாம்லேயும் ஃபத்தேலாலும் பிரபாத் நிறுவனத்துக்காக எடுத்த 'சந்த் துக்காராம்' படத்தில் அற்புதங்களுக்குப் பஞ்சமில்லை. முடிவில் விட்டலனைப் பாடிய கவிஞர் துக்காராம் வைகுண்டமே போகிறார். ஆனால் அவர் மனைவி ஜிஜாயை மறக்க முடியாது. அடுப்பும் பிள்ளைகளின் பசியும் அவள் தலையில். பிள்ளைக்கு உடம்புக்கு முடியாமல் போனபோது கோயிலுக்குள் நுழைந்து விட்டலனையே செருப்பைக் காட்டி மிரட்டுகிறாள். அந்தக் கோபத்தால் துக்காராமின் பெருமை குறையவில்லை. அவர் பக்திக்கு அந்த வீடு கொடுத்த விலை நமக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். தெலுங்கிலும் இந்தத் துணிவு இருந்தது. சென்னையில் வாகினி நிறுவனம் தயாரித்து, 1947இல் கே.வி.ரெட்டி இயக்கி நாகய்யா நடித்த 'யோகி வேமனா'வில் கவிஞர் வேமனர் உருகிப்போவது அண்ணன் மகளின் சாவினால். துறவுக்கு வானத்திலிருந்து அசரீரி எதுவும் தேவைப்படவில்லை.

வியாபாரம் நடக்க வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 'சந்த் துக்காராம்' பம்பாயில் ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. 'அன்னமய்யா' வராவிட்டால் இன்றைய தலைமுறைக்கு அவர் பெயரே தெரிந்திருக்காது என்று சொல்பவர்களும் உண்டு. கீரவாணி அந்தப் படத்தின் இசைக்காகத் தேசிய விருது பெற்றார். பாடல்களைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோனார். அந்தப் புண்ணியத்தை மறுக்கக்கூடாது. ஆனால் பாடல்கள் பிழைத்ததற்குக் காரணம் வேறு. மகன் பெத்த திருமலாச்சார்யர் அவற்றைச் செப்பேடுகளில் பொறிக்கச் செய்தார். திருமலைக் கோயிலின் சிறிய அறையொன்றில் முடங்கிக் கிடந்த அந்த ஏடுகள் 1922இல் வெளிச்சத்துக்கு வந்தன. அன்னமாச்சார்யர் 32,000 பாடினார் என்பது மரபு. கிடைத்தவை அதில் பாதிகூட இல்லை. ராகத்தின் பெயர் பொறித்திருந்தது, சுரக்குறிப்பு இல்லை. வேட்டூரி பிரபாகர சாஸ்திரி போன்ற அறிஞர்கள் பதிப்பித்தார்கள். ராள்ளப்பள்ளி அனந்தகிருஷ்ண சர்மா, நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி போன்றவர்கள் புதிதாக மெட்டமைத்தார்கள். எம்.எஸ்.சுப்புலட்சுமி பாடித் தமிழ் வீடுகளுக்குள்ளும் கொண்டுவந்தார். இவ்வளவும் படம் வருவதற்கு முன்பே நடந்தவை.

இதில் எத்தனை படங்களுக்குக் கதை இருக்கிறது! அப்பாவின் பாட்டைச் செம்பில் செதுக்க வைக்கும் மகன், நானூறு ஆண்டுகளுக்குப் பின் அந்த எழுத்தைக் கூட்டிப் படிக்கும் புலவர். திம்மக்காவுக்கோ ஒரு முழுப் படமே தரலாம். அவர் ஏடும் எழுத்தாணியுமாக உட்கார்ந்து சுபத்திரையின் கதையை எழுதுவதிலிருந்து அதைத் தொடங்கலாம்.