மழைக்கு நாட்குறிப்போர் நோய்க்குக் குறியாததேன்?

படுவான்கரை வட்டைகளிற் பெரும்போகப் பயிர் நிற்கும் வேளையிலேதான் வடகீழ்ப் பருவமழை கொட்டுகின்றது. மட்டக்களப்பு வாவி நிரம்பினால், முகத்துவாரம் வெட்டப்படும்வரை தாழ்ந்த வயல்களில் வெள்ளம் தேங்கும். அந்நீரில் எலியினதும் மாட்டினதும் சிறுநீர் கலக்கும். எலிக்காய்ச்சற் கிருமியும் கலக்கும். உழவன் காலில் ஒரு சிராய்ப்பு இருந்தாற் போதும், கிருமி உட்புகுந்துவிடும். நோய் முற்றினாற் சிறுநீரகம் பழுதாகும், உயிரும் போகும்.

இஃது எதிர்பாராது விழும் இடியன்று. பெருமழை பெய்து சில வாரங்களின் பின் நோயாளர் தொகை ஏறுவதை இந்நாட்டு ஆய்வாளரே காட்டியுள்ளனர். 2008ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000 பேருக்கு மேல் இந்நோய்க்கு ஆளானதாகப் பதிவாயிற்று. புவி வெப்பமேற மழை இன்னுங் கடுமையாகுமென விஞ்ஞானிகள் எச்சரிக்கின்றனர். அவ்வாறிருக்க, 2024 நவம்பர் வெள்ளத்தின் பின் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்ததென்ன? சிலர் மாண்ட பின்னரே, "மர்மக் காய்ச்சல்" எனப்பட்டது எலிக்காய்ச்சலென்று உறுதியாயிற்று. வெள்ளக்காட்டில் எலிக்காய்ச்சல் மர்மமாம்!

எலிக்கு நாட்குறிக்க முடியுமோ என்பாரும் உளர். எலிக்கு வேண்டாம், ஆபத்து மிகும் வாரங்களைக் குறிக்கலாமன்றோ? மழைக் கணிப்பு வளிமண்டலவியல் திணைக்களத்திடமும், உன்னிச்சை, நவகிரிக் குளங்களின் நீர்மட்டம் நீர்ப்பாசனத்தாரிடமும், நோய்ப்பதிவு சுகாதாரத்தாரிடமும் உள்ளன. மந்தைகளைக் கால்நடை வைத்தியர் அறிவார். 1897ஆம் ஆண்டின் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டமோ நோய் கண்டவுடன் அறிவிக்கும் கடமையை வைத்தியர்மீது சுமத்துகின்றது. நோயாளி பாயில் விழுந்த பின் பிறக்கும் கடமை அது. நாம் கேட்பது அதற்கு முந்திய கடமையை.

அதற்குப் புதிய மாளிகை எதுவும் எழுப்ப வேண்டியதில்லை. பெரும்போக ஆரம்பக் கூட்டம் ஆண்டுதோறும் கூடுகின்றது. விதைப்பு முடியும் நாள், நீர் திறக்கும் நாள், வயலிலிருந்து மாடுகளை அகற்றும் நாள் யாவும் அங்கேயே தீர்மானமாகின்றன. மாடு அகற்ற நாள் குறிக்கும் மேசையில், மனிதன் மாத்திரை விழுங்க நாள் குறித்தாலென்ன? டொக்சிசைக்கிளின் மாத்திரையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இலவசமாகவே வழங்குகின்றார். சேற்றில் இறங்குமுன் வாரமொருமுறை உட்கொள்ள வேண்டியது. கேரளத்தில் 2018 வெள்ளத்தின்போது இதனைப் பரவலாக வழங்கினர். சாவு முற்றாக நிற்கவில்லை. அதற்காக மாத்திரை வீண் என்று ஆகிவிடாது.

எனவே வரும் ஆரம்பக் கூட்டத்தில் நாம் கோருவது இது: ஆபத்து வாரங்களும் மாத்திரை வழங்கும் நாட்களும் கூட்ட அறிக்கையிற் பதியப்படுக, தமிழில் அச்சாகி ஒவ்வொரு கமநல சேவை நிலையத்திலும் ஒட்டப்படுக, மழைக் கணிப்பு மாறுந்தோறும் திருத்தப்படுக. போடியார் மாத்திரமன்றி, சேற்றில் நிற்கும் முல்லைக்காரரும் வயற்கூலிகளும் அன்று வந்து அமர்தல் வேண்டும்.