முதலில் நிற்கட்டும், பிறகு பறக்கட்டும்

டெட்ராய்ட் நகருக்கு வடக்கே, என் வீட்டு கராஜில் 1966 மாடல் பான்டியாக் ஜிடிஓ கார் ஒன்று நிற்கிறது. எட்டு சிலிண்டர், 6.4 லிட்டர், 335 குதிரைத்திறன். எடை ஏறத்தாழ 1,600 கிலோ. இத்தனையையும் பிடித்து நிறுத்த அந்தக் காலத்தில் கொடுத்திருந்தது நான்கு சக்கரத்திலும் ஒன்பதரை அங்குல டிரம் பிரேக். நான்குக்கும் சேர்த்து ஒரே அறை கொண்ட ஒரு மாஸ்டர் சிலிண்டர். ஏதோ ஒரு மூலையில் ரப்பர் ஹோஸ் பிய்ந்தால் போதும், நான்கு சக்கரத்திலும் ஒரே நொடியில் பிரேக் இருக்காது.

நான் பிரேக் வேலைக்காரன். சென்னைப் பாடியில் பிரேக் ஷூவுக்கு லைனிங் ஒட்டும் பிரிவில் தொழில் கற்றுக்கொண்டு இங்கே வந்தவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக கார்களுக்கு பிரேக் வடிவமைத்துச் சம்பாதிக்கிறேன். அந்தக் கண்ணோடு சொல்கிறேன்: அமெரிக்கர்கள் ‘மசில் கார்’ என்று கொண்டாடும் இந்த வண்டிகளை வீட்டில் வைத்துப் புதுப்பிப்பவர்களில் பலர் வேலையைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள்.

இங்கே இரண்டு கட்சி உண்டு. முதல் கட்சிக்காரர்களுக்கு எல்லாமே தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே இருக்க வேண்டும். அசெம்ப்ளி லைனில் பரிசோதகர் சாக்பீஸால் போட்ட குறியைக்கூடப் பழைய படங்களைப் பார்த்துத் திரும்பப் போடுவார்கள். இரண்டாவது கட்சிக்கு வெளித்தோற்றம் மட்டும் பழையதாக இருந்தால் போதும். உள்ளே கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் எரிபொருள் ஊசி, புது எஞ்சின், ஐந்து அல்லது ஆறு கியர், ஏசி எல்லாம் வரும். இதற்கு ‘ரெஸ்டோமாட்’ என்று பெயர். முன்னவர்கள் பின்னவர்களைக் கொலைகாரர்கள் என்கிறார்கள். பின்னவர்கள் முன்னவர்களை அருங்காட்சியகக் காவலாளிகள் என்கிறார்கள்.

சண்டையில் இருவருமே மறந்துவிடும் ஒரு சங்கதி உண்டு. மசில் கார் என்பதே தொழிற்சாலையில் எஞ்சின் மாற்றிய வண்டிதான். 1963-ன் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிரிவுகள் பந்தயங்களில் ஈடுபடக் கூடாது என்று தடை போட்டது. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் வைக்கக் கூடாது என்ற உள்விதியும் அங்கே இருந்தது. பான்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளர் ஜான் டெலோரியனும் அவருடைய ஆட்களும் பெரிய காருக்கான 389 கன அங்குல எஞ்சினை எடுத்து நடுத்தர அளவு டெம்பஸ்ட் வண்டியில் உட்கார வைத்தார்கள். தனி மாடல் என்று சொன்னால் மேலிடம் மறித்துவிடும் என்பதால், 1964-ல் ஜிடிஓவைக் கூடுதல் பணம் கொடுத்து வாங்கும் ஓர் ‘ஆப்ஷன்’ என்ற பெயரில் விற்றார்கள். முதல் ஆண்டில் 32,450 வண்டிகள் போயின. 1966-ல் 96,946. மற்ற நிறுவனங்களும் அதே வழியில் இறங்கின.

அந்தக் குறும்பை நான் ரசிக்கிறேன். ஆனால் அவர்கள் பாதி வேலைதான் செய்தார்கள். பெரிய காரின் எஞ்சின் வந்தது, அதற்கேற்ற பிரேக் வரவில்லை. வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய வெப்பம் நான்கு மடங்காகிறது. டிரம் பிரேக்கில் அந்த வெப்பம் மூடிய கிண்ணத்துக்குள் தங்குகிறது. டிரம் சூடாகி விரியும்போது ஷூவை விட்டு விலகுகிறது, லைனிங்கும் பிடிப்பை இழக்கிறது. மிதிக்க மிதிக்கப் பெடல் கீழே போகும், வண்டி மட்டும் போய்க்கொண்டே இருக்கும். டிஸ்க் பிரேக்கில் வட்டு காற்றில் திறந்து சுழல்கிறது. சூட்டில் தடித்தாலும் அது பேடை நோக்கித்தான் தடிக்கும். இவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் நெடுஞ்சாலையில் முன்னால் போகிறவர் திடீரென்று நிறுத்தும்போது அந்த வித்தியாசத்தின் விலை தெரியும்.

அந்தக் குறையை அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது என்பதற்கு 1967 மாடலே சாட்சி. அந்த ஆண்டு இரண்டு அறை மாஸ்டர் சிலிண்டர் வந்தது, ஒரு பக்கம் போனாலும் மறுபக்கம் பிடிக்கும். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் ஆப்ஷனாகக் கிடைத்தது. மோதினால் ஓட்டுநரின் நெஞ்சில் ஈட்டி போல் பாயாமல் உள்வாங்கி மடங்கும் ஸ்டீயரிங் தண்டும் அப்போதுதான் வந்தது. இவை கருணையால் மட்டும் வந்தவை என்று நான் நம்பவில்லை. 1965 நவம்பரில் ரால்ஃப் நேடரின் ‘அன்சேஃப் அட் எனி ஸ்பீட்’ நூல் வெளியாகி அமெரிக்கக் கார் நிறுவனங்களை உலுக்கியது. 1966 செப்டம்பரில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. என் கராஜில் நிற்பது அந்தச் சட்டத்துக்கு முன்பு பிறந்த வண்டி.

ஆகவே, நான் முதலில் தொட்டது பிரேக்கைத்தான். பின்னாளில் வந்த அதே குடும்பத்துக் கார்களின் டிஸ்க் பிரேக் ஸ்பிண்டில் 1964 முதல் 1966 வரையிலான வண்டிகளின் சஸ்பென்ஷனில் அப்படியே போல்ட்டில் உட்காரும். பதினோரு அங்குல வட்டு, காலிப்பர், இரண்டு அறை மாஸ்டர் சிலிண்டர், முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் அழுத்தத்தைப் பங்கிடும் வால்வு, துருப்பிடிக்காத தாமிர நிக்கல் குழாய், எல்லாம் புதிதாகக் கடையில் கிடைக்கின்றன. எங்கும் வெட்டவில்லை, வெல்டிங் வைக்கவில்லை. கழற்றிய டிரம், ஷூ, பழைய மாஸ்டர் சிலிண்டர் எல்லாவற்றையும் பெயர் எழுதிப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். நாளைக்கு யாராவது இந்த வண்டியை வாங்கி, தொழிற்சாலைப்படியே வேண்டும் என்றால் ஸ்பேனரை எடுத்துப் பழையதைப் பூட்டிக்கொள்ளலாம். வீட்டில் வண்டியை மாற்றுபவர்களுக்கு என்னிடம் ஒரே விதிதான்: கழற்றக் கூடியதைக் கழற்று, திரும்ப ஒட்ட முடியாததை வெட்டாதே.

பக்கத்து வீட்டுப் பெரியவர் பான்டியாக் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். “நாங்கள் முறுக்கிய போல்ட்டை நீங்கள் ஏன் கழற்றுகிறீர்கள்?” என்று கேட்டார். கேலி பாதி, வருத்தம் பாதி. அவருடைய வருத்தத்தில் நியாயம் உண்டு. 2010-ல் பான்டியாக் என்ற பெயரே மூடப்பட்டது. தான் உழைத்ததற்குச் சான்றாக மிஞ்சியிருப்பது இந்த வண்டிகள் மட்டுமே என்று நினைக்கும் மனிதரிடம், பழசைத் தூக்கிப்போடு என்று சொல்ல முடியாது.

தொடாமல் வைத்திருப்பதற்கும் மதிப்பு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. 1968-ல் வெளியான ‘புல்லிட்’ படத்தில் ஸ்டீவ் மெக்குயின் ஓட்டிய மஸ்டாங்கை 1974-ல் ஒரு குடும்பம் 6,000 டாலருக்கு வாங்கி, சாதாரணமாக ஓட்டிக்கொண்டிருந்தது. 2020 ஜனவரியில் அது 34 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. மங்கிய பெயிண்ட், நசுங்கல், துரு எதையும் மறைக்காமல்தான் மேடைக்கு வந்தது. புதுப்பித்திருந்தால் அதன் கதை பட்டியோடும் பெயிண்டோடும் போயிருக்கும். அப்படி வரலாறு சுமக்கும் வண்டியைத் தொடாதீர்கள். எண் பொறித்த அசல் எஞ்சினைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். அசல் பெயிண்ட் இருந்தால் சுரண்டாதீர்கள். ஆனால் நம்மில் பெரும்பாலோர் கையில் இருப்பது அரைகுறையாகத் துருப்பிடித்த, நாலு கை மாறிய வண்டி. அதைச் சாலையில் ஓட்டத்தான் போகிறோம். ஓட்டுகிற வண்டிக்குப் பிரேக் பிடிக்க வேண்டும்.

ரெஸ்டோமாட் கட்சிக்கும் ஒரு வார்த்தை. 1997-ல் கார்வெட்டில் அறிமுகமான எல்எஸ் வகை எஞ்சினை எடுத்துப் பழைய வண்டியில் பூட்டுவது இன்று பரவலாக நடக்கிறது. நல்ல எஞ்சின், எடை குறைவு, காலையில் ஒரே சாவியில் கிளம்பும். ஆனால் பலர் அதை வாங்கிய பிறகுதான் மிச்சப் பணத்தில் பிரேக்கை யோசிக்கிறார்கள். மிச்சம் இருப்பதே இல்லை. கண்காட்சியில் பானெட்டைத் திறந்து எஞ்சினைப் படமெடுக்கக் கூட்டம் நிற்கும், சக்கரத்துக்குள் குனிந்து காலிப்பரைப் பார்ப்பவர் யாருமில்லை. 1964-ல் டெலோரியன் செய்த அதே பாதி வேலையை இவர்கள் அறுபது ஆண்டு கழித்து இன்னும் பெரிய எஞ்சினோடு செய்கிறார்கள்.

எது செய்தாலும் அதை மறைக்காதீர்கள். மாற்றியதை எழுதி, படமெடுத்து வண்டியோடு வையுங்கள். சாதாரண பான்டியாக் லெமான்ஸ் காரை ஜிடிஓ என்று சொல்லி விற்பது இங்கே பழைய மோசடி. 1966 முதல் 1971 வரை ஜிடிஓவின் அடையாள எண் 242 என்று தொடங்குவதால் கண்டுபிடிப்பது எளிது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டு வண்டிகளில் அது வெறும் ஆப்ஷன் என்பதால் எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ‘பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ்’ என்ற அமைப்பிடம் தொழிற்சாலைப் பதிவின் நகலை வாங்கிப் பார்க்க வேண்டும். பொய் சொல்லும் அசலைவிட, உண்மை சொல்லும் மாற்றம் மேல்.

வீட்டில் செய்யக் கூடாத வேலைகளும் உண்டு. அந்தக் காலத்துப் பிரேக் லைனிங்கில் கல்நார் கலந்திருக்கும். டிரம்மைத் திறந்ததும் கம்ப்ரசர் காற்றால் ஊதினால் அந்தத் தூள் நேராக நுரையீரலுக்குப் போகும். ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்ட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுக்கவே கூடாது, ஸ்டாண்டு கட்டாயம். ஐசோசயனேட் கலந்த இரண்டு பாக பெயிண்டை வெளிக்காற்று ஊட்டும் முகமூடி இல்லாமல் கராஜில் அடிப்பது மூச்சோடு விளையாடுவது. அதைப் பட்டறைக்காரரிடம் விட்டுவிடுங்கள்.

துருவைப் பற்றிச் சொல்லாமல் மிச்சிகன் காரைப் பற்றி எழுத முடியாது. பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு தரைத் தகட்டையும் சேசிஸையும் தின்கிறது. டெட்ராய்ட் நகருக்கு அடியிலேயே, 1,000 அடிக்கும் மேல் ஆழத்தில், உப்புச் சுரங்கம் இருக்கிறது. கார் செய்து கொடுத்த ஊரே அதைக் கரைக்கும் உப்பையும் தோண்டிக் கொடுக்கிறது. தகடு ஓட்டையானால் பட்டி வைத்துப் பூசி மெழுகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெயிண்டுக்குள் மறைந்த துரு சேசிஸ் வரை போனால், எஞ்சினும் பிரேக்கும் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

மிச்சிகனில் ஆண்டுதோறும் வண்டியைச் சோதிக்கும் ஏற்பாடு இல்லை. பழமையான வாகனத்துக்கான நம்பர் பிளேட் வாங்கினால், கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்கு மட்டும் ஓட்டலாம். ஆகஸ்ட் மாதம் முழுக்க எதற்கும் ஓட்டிக்கொள்ளலாம். அந்த மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை, 1995 முதல், வுட்வார்ட் அவென்யூவில் பழைய கார்களின் பேரணி நடக்கிறது. வண்டிகள் வரிசைகட்டி ஊர்கின்றன, ஓரத்தில் குழந்தைகள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த வரிசையில் எந்த வண்டிக்குப் பிரேக் இருக்கிறது என்று அரசாங்கம் கேட்பதில்லை. பொறுப்பு முழுக்க உரிமையாளரின் மனசாட்சியில் இருக்கிறது.

இந்தியாவில் நிலைமை நேர்எதிர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. 2021-ல் வந்த விதிகள் ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு ‘விஏ’ வரிசையில் தனிப் பதிவு கொடுக்கின்றன. சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது என்பது நிபந்தனை. அதை நான் வரவேற்கிறேன். ஆனால் ஆரம்பகால அம்பாசிடர், பியட் 1100 இரண்டிலும் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். அவற்றுக்கு இரண்டு அறை மாஸ்டர் சிலிண்டரும் சீட் பெல்ட்டும் பூட்டினால் ‘அசல் வடிவம்’ கெட்டதாகுமா என்பதை விதி தெளிவாகச் சொல்ல வேண்டும். கழற்றக் கூடிய பாதுகாப்பு மாற்றங்களுக்கு அனுமதி உண்டு என்று ஒரு வரி சேர்த்தால் போதும். ஆர்டிஓ அலுவலரின் மனநிலைக்கு அஞ்சி யாரும் பிரேக் மாற்றத் தயங்கக் கூடாது.

பழைய வண்டி வாங்கி வீட்டில் சரிசெய்ய நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். முதல் மாதச் சம்பளத்தில் எடுத்துவைக்கும் பணம் பிரேக், டயர், ஸ்டீயரிங், சீட் பெல்ட் ஆகியவற்றுக்குப் போகட்டும். அடுத்தது துருவுக்கு. எஞ்சின் அதற்குப் பிறகு. பெயிண்ட் எல்லாவற்றுக்கும் கடைசியில். எந்த வேகத்திலும் நேராக நிற்கும் வண்டியைத்தான் நீங்கள் ஓட்டலாம், உங்கள் பிள்ளையிடமும் சாவியைக் கொடுக்கலாம்.