கிரகங்களைப் பிடித்த குஷ்டமும் மனிதன் கண்ட வைத்தியமும்

கும்பகோணத்தைச் சுற்றிக் கோவிலுக்குப் பஞ்சமில்லை. கலியாணம் ஆகாவிட்டால் ஒரு கோவில், கடன் தீராவிட்டால் ஒரு கோவில், உடம்பில் தொழுநோய் கண்டால் ஒரு கோவில் என்று சாமிகளுக்கு இலாகா பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். இதில் கடைசி இலாகா சூரியனார் கோவிலுடையது.

அதன் ஸ்தலபுராணத்தைக் கேளுங்கள். காலவர் என்ற முனிவருக்குக் குஷ்டம் வரும் என்பது விதியாம். நவக்கிரகங்கள் இரங்கி அவரைக் காப்பாற்றினவாம். அதற்கு உங்களுக்கு ஏது அதிகாரம் என்று பிரமன் கோபித்து, அந்த நோய் கிரகங்களையே பிடிக்கும்படி சபித்தானாம். ஒன்பது கிரகங்களும் நோயாளிகளாகி இங்கே வந்து தவங்கிடந்தனவாம். தனக்கு வந்த நோயைத் தானே தீர்த்துக் கொள்ளத் தெரியாத கிரகமா நம் ஊர் ஏழையின் நோயைத் தீர்க்கப் போகிறது என்று கேட்கிறோம்.

நிற்க. உண்மை என்ன? இந்நோய் விதியாலும் வரவில்லை, பூர்வஜென்ம பாவத்தாலும் வரவில்லை. ஒரு கிருமியால் வருகிறது என்பதை நார்வே தேசத்து ஹான்சன் என்பவர் 1873-லேயே கண்டு சொல்லிவிட்டார். அக்கிருமி நரம்பைக் கெடுக்கிறது. நரம்பு செத்தால் தொடு உணர்ச்சி போகிறது. விரல்கள் மடங்கிக் கொள்கின்றன. அடுப்பு சுட்டாலும், முள் தைத்தாலும் தெரிவதில்லை. வலி தெரியாத காரணத்தாலேயே கை புண்ணாகி விரல் குறைகிறது. இதைத்தான் நம் ஜனங்கள் தெய்வ தண்டனை என்று சொல்லி, நோயாளியைத் திண்ணையிலும் சேர்க்காமல் துரத்தினார்கள்.

நம் கொல்லிமலையில் 1914-ல் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்டு. வேலூர் மருத்துவக் கல்லூரியில் 1948-ல் அவர் மடங்கிப் போன கையை அறுவை செய்தார். முன்கையில் கெடாமல் இருக்கும் தசையின் நாரை எடுத்து விரல்களுக்கு மாற்றிக் கட்டினார். மடங்கிய விரல் நிமிர்ந்தது. அவர் பாதிரி குடும்பத்துப் பிள்ளையாயிற்றே என்று சிலர் கேட்கலாம். அவர் ஜெபம் செய்தாரா இல்லையா என்பது நமக்கு வேண்டாத விவகாரம். விரலை நிமிர்த்தியது கத்தியும் தசைநாரும்தான்.

பிறகு அவர் அமெரிக்காவில் கார்வில் என்ற ஊரில் இருந்தபோது, இழந்த வலியையே செயற்கையாக உண்டாக்கப் பார்த்தார். கையுறையில் அழுத்தத்தை அறியும் கருவிகளை வைத்து, ஆபத்து வந்தால் உணர்ச்சியுள்ள அக்குளில் மின்சாரம் தாக்கும்படி செய்தார். அது தோற்றது. கருவி அடிக்கடி கெட்டது; நோயாளிகளோ அதிர்ச்சிக்குப் பயந்து அதை நிறுத்திவிட்டு வேலை செய்தார்கள்.

"பார்த்தீர்களா, உங்கள் விஞ்ஞானமும் தோற்றதே" என்று வைதீகர்கள் சந்தோஷப்படலாம். ஆம், தோற்றது. தோற்றதை அவரே எழுதியும் வைத்தார். பலிக்காத பரிகாரத்தை எந்தப் புரோகிதராவது எழுதி வைத்ததுண்டா? தோல்வியை ஒப்புக் கொள்வதால்தான் அடுத்தவன் மேலே போக முடிகிறது.

அப்படி மேலே போனவர்களின் கதையையும் கேளுங்கள். மூளையும் தண்டுவடமும் மிருதுவானவை. அவற்றின் மேல் கெட்டியான உலோகத்தை வைத்தால் உராய்ந்து தழும்பாகிறது. ஆகவே சிலிகோன் என்ற ரப்பர் போன்ற பொருளில் மெல்லிய தங்கக் கம்பிகளைப் பதித்து, உடம்போடு வளையும் நாடா ஒன்றை 2015-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்தில் செய்தார்கள். முடங்கிய எலிகள் அதன் உதவியால் நடந்தன. 2014-லேயே, கையிழந்த டென்மார்க்காரர் ஒருவர், நரம்பில் பொருத்திய மின்கம்பிகளின் உதவியால், கண்ணைக் கட்டியிருந்தபோதே பொருள் கெட்டியா மெதுவா என்று செயற்கைக் கையால் உணர்ந்தார். 2023-ல் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தார், தொட்டால் நரம்பைப் போலவே மின்துடிப்பு அனுப்பும் மிருதுவான செயற்கைத் தோலைச் செய்து எலியிடம் சோதித்தார்கள்.

இவை நாளையே நம் கடைத்தெருவுக்கு வந்துவிடும் என்று நாம் புளுக மாட்டோம். பல இன்னும் சோதனைச் சாலையில்தான் இருக்கின்றன. ஆனால் இவ்வினத்தில் மூத்த கருவி நம் நாட்டிலேயே வேலை செய்கிறது. பிறவியில் காது கேளாத குழந்தையின் உட்காதில் மின்கம்பியைப் பொருத்திக் கேட்கச் செய்கிறார்கள். தமிழ்நாட்டு அரசின் காப்பீட்டுத் திட்டத்திலேயே ஏழைக் குழந்தைகளுக்கு இது செய்யப்படுகிறது. நாளை வரும் செயற்கைத் தோலும் தண்டுவட நாடாவும் அப்படியே ஏழைக்கும் வரவேண்டும். பணக்காரன் வீட்டுக்கு மட்டும் போகும் விஞ்ஞானம் பாதி விஞ்ஞானமே.

எனவே தோழர்களே! உணர்ச்சியில்லாத தேமல் கண்டால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், மருந்து இலவசம். வாதம் அடித்தால் நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டிய மருந்து உண்டு. ஜோசியரைத் தேடாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பரிகாரத்துக்கு அலைந்த ஆறு மாதத்தில் செத்த நரம்பை எந்தச் சூரியனும் எழுப்பித் தரமாட்டான். நோயாளியின் விரலில் உணர்ச்சி போனதற்குக் கிருமி காரணம். அவனைத் தொட மறுத்த நம் சமூகத்துக்கு உணர்ச்சி போனதற்கு எது காரணம் என்பதை யோசித்துப் பாருங்கள்.