பில்லியன் என்றால் எத்தனை கோடி?

அமெரிக்காவில் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் 4 கோடிக்கும் அதிகம். அவர்களையும் லத்தீன் அமெரிக்க வாசகர்களையும் மனதில் வைத்து, 2016 பிப்ரவரியில் ‘நியூயார்க் டைம்ஸ்’ ஸ்பானிஷ் இணையப் பதிப்பைத் தொடங்கியது. ஆசிரியர் குழு இருந்தது மெக்சிகோ சிட்டியில்.

ஆங்கிலச் செய்தியை அப்படியே மாற்றிப் போட்டால் போதாதா? போதாது. ஆங்கிலத்தில் ‘பில்லியன்’ என்றால் 100 கோடி. ஸ்பானிஷில் அதே போல் ஒலிக்கும் ‘பில்யோன்’ 1 லட்சம் கோடி. அசந்தால் பட்ஜெட் தொகை ஆயிரம் மடங்கு ஊதிவிடும்! ‘அமெரிக்கர்’ என்பதும் அப்படித்தான். லத்தீன் அமெரிக்காவில் அமெரிக்கா என்றால் முழுக் கண்டம்; பெரு நாட்டுக்காரரும் அமெரிக்கர்தான்.

இதையெல்லாம் கவனிக்க, அந்த மொழியிலேயே யோசிக்கும் பத்திரிகையாளர்கள் வேண்டும். அவர்களுக்கு மாதாமாதம் சம்பளம் வேண்டும். புதிய வாசகர்கள் கிடைத்தும் வருமானம் போதவில்லை என்று, 2019 செப்டம்பரில் அந்தத் தனிப் பதிப்பு நிறுத்தப்பட்டது. தேர்ந்தெடுத்த கட்டுரைகளின் மொழிபெயர்ப்பு மட்டும் தொடர்ந்தது.

மயாமியில் கதை வேறு. கியூபாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் நிறைந்த அந்த ஊரில், ‘மயாமி ஹெரால்ட்’ 1976-ல் ஸ்பானிஷ் இணைப்பு ஒன்றைத் தொடங்கியது. அது 1987-ல் ‘எல் நுவேவோ ஹெரால்ட்’ ஆனது. அந்தப் பெயரிலேயே நிலைத்தும் விட்டது. அங்கே படிப்பவரும் உள்ளூர், விளம்பரம் தரும் கடைக்காரரும் உள்ளூர்.

இன்னொரு மொழியில் தொடங்குவது ஒரு நாள் வேலை. தினமும் தப்பில்லாமல் எழுத ஆள் வைப்பதுதான் செலவு. அந்தச் செலவுக்கு வழி செய்தவர்களே நீடிக்கிறார்கள்.